ஒரகடம் அருகே பெயர் தெரியாத கிராமத்தில் மனை வாங்கலாமா?

"ஒரகடம் பக்கத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு கிராமத்தில் மனை மலிவாகக் கிடைக்கிறது, அந்த ஊரில் வேறு எதுவுமே இல்லை என்கிறார்கள், நம்பி வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவர் என்றும், பல ஆண்டுச் சேமிப்பை இந்த ஒரே மனையில் போட நினைக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த "எதுவுமே இல்லை" என்ற சொல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. அப்படிச் சொல்லப்படும் ஊர்களில் ஒன்றில் பிறந்து, இன்றும் அங்கேயே குடியிருப்பவன் நான். மனை விற்றவர்களும் வாங்கியவர்களும் இன்றும் தினமும் முகம் பார்த்து வாழ்கிறார்கள் என்பதால் ஊரின் பெயரை மட்டும் எழுதவில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடம் ஒரகடம். அங்கிருந்து உள்ளே பிரியும் சிறு சாலைகளில் ஒன்றில் எங்கள் ஊர் இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சொல்வார்கள். எங்கள் ஊரும் ஓர் ஏரியை நம்பி உண்டான ஊர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் சம்பா நெல்லை அறுத்த கையோடு நவரைப் பட்டத்துக்கு நடுவார்கள், தண்ணீர் மிஞ்சினால் சொர்ணவாரி என்ற மூன்றாம் பட்டமும் உண்டு. எங்கள் ஏரி நிரம்பிய பிறகு வழியும் நீர், அதற்கென்றே கரையில் கட்டிய கலங்கல் வழியாகப் போக்குக் கால்வாயில் இறங்கி அடுத்த ஊர் ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்த ஊருக்குப் போகும். ஆக, எதுவுமே இல்லாத இடம் என்று தரகர் காட்டும் பொட்டலுக்கு ஒரு வேலை இருந்தது, மழைக்காலத்தில் இன்றும் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நான் தொழிற்சாலைகளுக்கு எதிரானவன் என்று யாராவது கருத்திட வருவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் தயாரிக்கத் தொடங்கியபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். 2010இல் ரெனோ நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒரகடத்தில் ஆலைகள் வரிசையாக வந்ததால் எங்கள் தெருவில் கூரை வீடுகள் மாடி வீடுகளாயின. என் தங்கை கல்லூரிக்குப் போனதும் அந்த வருமானத்தில்தான். ஆலை வந்ததைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆலையைக் காட்டி எங்கள் வயல்களை விற்ற விதத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன், அந்த விற்பனையில் எனக்கும் பங்கு உண்டு.

எங்களுக்குக் கலங்கலுக்குக் கீழே, போக்குக் கால்வாயை ஒட்டி 1 ஏக்கர் 40 சென்ட் நஞ்சை இருந்தது. 2007இல் தரகர் ஒருவர் வந்து சென்ட் 20,000 ரூபாய் என்று விலை பேசினார். இரண்டு வருடமாகப் பயிர் சரியாக எடுக்க முடியாமல் கூட்டுறவுக் கடனில் இருந்த அப்பாவுக்கு அது நினைத்தே பார்த்திராத தொகை. பத்திரத்தை வாசித்துப் பொருள் சொல்லும் அளவுக்குப் படித்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். நான் வாசித்தேன், சரி என்றேன், சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். அடுத்த சில மாதங்களில் எங்கள் நிலத்தோடு பக்கத்து நிலங்களும் சேர்ந்து, மண் கொட்டி மேடாக்கப்பட்டு, வெள்ளையடித்த கற்கள் நடப்பட்டு, நுழைவாயிலில் வளைவும் கட்டப்பட்டது. வரைபடத்தில் 20 அடி அகலம் இருந்த போக்குக் கால்வாயை மூடி, அடியில் இரண்டடிக் குழாய் ஒன்றைப் புதைத்து, மேலே தார்ச் சாலை போட்டார்கள்.

எங்கள் ஊரில் மதகைத் திறந்து வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் நீர்க்கட்டி தாத்தா அப்போது உயிரோடு இருந்தார். அந்தக் குழாயைப் புதைத்த அன்று அவர் எங்கள் திண்ணைக்கு வந்து, "மேல ஏரித் தண்ணியும் சேர்ந்து வந்தா இது தாங்குமாப்பா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. தரகரிடமிருந்து கடைசித் தவணை இன்னும் வரவேண்டியிருந்தது. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், நானும் பேசவில்லை. கடன், தங்கையின் படிப்பு என்று அன்று எனக்குக் காரணங்கள் இருந்தன, அவை பொய்யும் அல்ல. ஆனாலும் தண்ணீர் போகும் வழி எங்களுக்குத் தெரிந்திருந்தது, வாங்க வந்தவர்களுக்குத் தெரியாது.

2015 நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். செம்பரம்பாக்கம் ஏரியையும் அடையாற்றையும் பற்றி எல்லோரும் பேசினார்கள், எங்களைப் போன்ற சிற்றூர்களின் ஏரிகள் எந்தச் செய்தியிலும் வரவில்லை. எங்கள் ஏரி இரவில் கலங்கல் வழிந்தது. குழாய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் தன் பழைய வழியிலேயே, இப்போது வீடுகள் நின்ற வழியிலேயே போனது. மனைப்பிரிவில் முதலில் வீடு கட்டியவர் ஓய்வுபெற்ற போக்குவரத்துக் கழக ஓட்டுநர். பணிக்கொடை முழுவதையும் போட்டுக் கட்டிய வீடு அது. அவரையும் அவர் மனைவியையும் நாங்கள் நான்கைந்து பேர் கைப்பிடித்து அழைத்துவந்து எங்கள் வீட்டில் தங்கவைத்தோம். விடிந்ததும் காப்பி கொடுத்த அப்பாவிடம் அவர், "உங்களுக்குத் தெரியும்தானே, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் நாங்களும் ஏதாவது பதில் பேசியிருப்போம். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. மனை விளம்பரம் எதிலும் எங்கள் ஊரின் பெயர் இருந்ததில்லை. "ஒரகடத்திலிருந்து 10 நிமிடம்" என்று போட்டு, அதற்கு மேல் ஏதோ ஒரு நகரின் பெயரைச் சூட்டிவிடுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்களின் பிள்ளைகள் பள்ளியில் அந்த நகரின் பெயரைத்தான் தங்கள் ஊராகச் சொல்கிறார்கள். யாரும் கேள்விப்படாத கிராமம் என்று நீங்கள் எழுதியதில் உங்கள் தவறு ஏதும் இல்லை, பெயர் உங்கள் காதுக்கு வராதபடி பார்த்துக்கொண்டார்கள். பெயர் தெரிந்தால் ஏரி எது என்று கேட்பீர்கள், ஏரி தெரிந்தால் கலங்கல் எங்கே என்று கேட்பீர்கள்.

ஆகவே தரகரிடம் முதலில் வருவாய்க் கிராமத்தின் பெயரையும் புல எண்ணையும் (சர்வே எண்) கேட்டு வாங்குங்கள். அந்த எண் என்ன வகை நிலம் என்று காட்டும் அ-பதிவேட்டையும், அதன் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்து, உங்கள் மனைக்கோ பக்கத்து எண்ணுக்கோ வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அனுமதி பெறாத மனைகளைப் பதிவுசெய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, எங்கள் ஊரில் வாங்கியவர்கள் பலர் விற்கவும் முடியாமல் தவித்தார்கள். அத்தகைய மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் 2017இல் வந்த பிறகும் அலைச்சல் ஓயவில்லை. வரன்முறைப்படுத்திய தாள் மனைக்குத்தான் கிடைத்தது, மூடிய கால்வாய் மூடியபடியே இருக்கிறது.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் கோடையில் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்த பிறகு, தரகர் இல்லாமல் தனியாக வாருங்கள். ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர் யாராவது இருப்பார், கலங்கல் வழிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவரிடம் கேளுங்கள். எங்கள் ஊருக்கு வந்தால் என்னிடமே கேட்கலாம், இப்போது நான் சொல்லிவிடுகிறேன்.