பேரன் எந்த ஸ்கூலுக்குப் போகணும்?

கேள்வி: வணக்கம் சார். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துல பால்மரம் வெட்டித்தான் பொண்ண படிக்க வச்சேன், அவ இப்ப அமெரிக்காவுல ஹூஸ்டன்ல இருக்கா. பேரன் எட்டாவது. மார்க்கு பாத்து எடுக்கிற மேக்னட் ஸ்கூல்தான்னு மக சொல்றா, யாரு வேணா அப்ளை பண்ணலாம்ங்கிற சார்ட்டர் ஸ்கூல் போதும்னு மருமகன் சொல்றாரு. நீ சொல்லும்மான்னு என்னைக் கேக்குறா. தமிழ்ப்பள்ளியோட நின்ன நான் என்னத்த சொல்ல?

பதில்: அக்கா, ஆறாவதோட நின்னாலும் புள்ளய வளர்த்தவங்க நீங்க, அதனால சொல்லலாம். முதல்ல ஒன்னு, ரெண்டுமே கவர்மெண்டு பணத்துல ஓடுற ஸ்கூல்தான், பீஸ் கிடையாது.

மேக்னட்னா காந்தம். வெள்ளக்காரப் புள்ளைங்களும் கறுப்பினப் புள்ளைங்களும் தனித்தனியா படிச்சத மாத்தணும்னு, நல்ல பாடத்த வச்சு எல்லா ஏரியாவுல இருந்தும் இழுக்க ஆரம்பிச்சது, ஹூஸ்டன்லயே 1971-ல கலைக்கு ஒன்னு, 1972-ல மருத்துவத்துக்கு ஒன்னு (இப்ப டிபேக்கின்னு பேரு) வந்துச்சு. எல்லா மேக்னட்டும் மார்க்கு கேக்காது, ஆனா இந்த மாதிரி ஸ்கூல்ல மருத்துவத்துக்கு மார்க்கு, கலைக்கு ஆடிஷன்னு பாத்துத்தான் எடுப்பாங்க. அங்க சேந்தா நாலு வருஷம் அந்த ஒரு பாட்டையிலதான் நடக்கணும், ஆக மக ஆசைப்படுறாளா பேரன் ஆசைப்படுறானான்னு கேளுங்க, அதுதான் பெரிய கேள்வி.

சார்ட்டர்னா கவர்மெண்டு அனுமதியோட ஒரு தனி அமைப்பு நடத்துற ஸ்கூல், ஹூஸ்டன் இருக்கிற டெக்சாஸ் மாநிலத்துல 1995 சட்டத்துல வந்தது. மார்க்கு பாக்க மாட்டாங்க, எடத்துக்கு மேல அப்ளிகேஷன் வந்தா குலுக்கல் சீட்டு. கிடைக்கலன்னா பையன் மட்டம்னு அர்த்தமில்ல, அத அவன்கிட்ட இப்பவே சொல்லி வைங்க. சில சார்ட்டர் ரொம்ப நல்லா நடத்துறாங்க, சிலது தொடர்ந்து மூணு வருஷம் சரியில்லன்னு கவர்மெண்டே மூடிடும், அப்ப புள்ள நடுவுல வேற ஸ்கூல் தேடணும். வாத்தியாருக்கு அரசாங்க சர்ட்டிபிகேட் இருக்கணும்னு அங்க கட்டாயமும் இல்ல, பெரும்பாலும் டிகிரி போதும். அதனால கணக்கு யார் எடுக்கிறா, போன வருஷம் எத்தன வாத்தியாருங்க விட்டுட்டுப் போனாங்கன்னு மக நேரா போய் கேக்கட்டும்.

பஸ் இருக்கான்னும் கேக்கச் சொல்லுங்க. நம்ம தோட்டத்துல டவுனு ஸ்கூலுக்குப் போக விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்ச புள்ளைங்க எத்தன பேரு கிளாஸ்ல தூங்குச்சு, உங்களுக்குத் தெரியாததா?

என் அண்ணனுக்கு பெரிய அஸ்ராமா (ஹாஸ்டல்) ஸ்கூல்ல எடம் கிடைச்சப்ப எங்க லயமே கொண்டாடுச்சு, மூணு மாசத்துல வாய் திறக்காத புள்ளயா திரும்பி வந்தான், ஏன்னு யாரும் கேக்கல. எனக்கு இன்னும் மனசு ஆறல அக்கா. அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

என் யோசனை, ரெண்டுக்கும் அப்ளை பண்ணட்டும், எடம் வந்தப்புறம் ஒரு நாள் பேரன அங்க உக்கார வச்சுப் பாக்க முடியுமான்னு கேக்கட்டும். மருத்துவத்துல அவனுக்கு உண்மையாவே ஆச இருந்தா நான் மேக்னட்டுன்னுதான் சொல்லுவேன். இல்லன்னா மருமகன் சொல்றது சரி, ஆனா மேல சொன்னத எல்லாம் விசாரிச்சுட்டு. இந்த ஞாயித்துக்கிழமை வாட்சப்புல மகள விட்டுட்டு பேரன்கிட்ட தனியா பேசிப் பாருங்க.