ஏற்றத்தாழ்வு குறைந்ததா, கூடியதா?

அன்புள்ள அண்ணனுக்கு,

உலக வங்கிக் கணக்குப்படி ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி எண் இந்தியாவில் 2011-12இல் 28.8 ஆக இருந்து 2022-23இல் 25.5 ஆகக் குறைந்துவிட்டது, சமத்துவத்தில் உலகிலேயே நாலாவது இடம் என்று 2025 ஜூலையில் செய்தி வந்தது. அதற்கு முந்தின வருடம்தான், வெள்ளைக்காரன் காலத்தைவிட ஏற்றத்தாழ்வு கூடிவிட்டது என்று பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டியின் குழுவினர் சொன்னார்கள். எதை நம்புவது?

ஒரு வாசகர், உசிலம்பட்டி

அன்புள்ள தம்பி,

இரண்டும் ஒரே விஷயத்தை அளக்கவில்லை. இதைச் செய்தி போடுகிறவர்கள் ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்பதில் எனக்குக் கோபமே உண்டு.

கினி எண் 0 என்றால் எல்லாருக்கும் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவர் கையில். ஆனால் எதை வைத்துப் போடுகிறோம் என்பதுதான் கேள்வி. அந்த 25.5 செலவை வைத்துப் போட்டது. வீடு வீடாகப் போய் அரிசி, எண்ணெய், பஸ், மருந்து என்று கேட்டு எடுத்த கணக்கு. பிக்கெட்டி குழு பார்த்தது வருமானத்தை, அதிலும் உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினருக்குப் போகும் பங்கை. 1980களின் தொடக்கத்தில் 6 சதவீதத்தை ஒட்டி இருந்த அது, 2022-23இல் 22.6 சதவீதம்.

செலவைக் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. உங்கள் பக்கம் மல்லிகை போட்டிருப்பவரிடம் மாத வருமானம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். மார்கழி, தை பனியில் வரத்து குறைந்து மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும், ஆனால் அவர் தோட்டத்தில் பூ இருக்காது. கோடையில் பூ கொட்டும், விலை சரிந்து கிடக்கும். அதில் பறிப்புக் கூலி, மருந்து, கமிஷன் எல்லாம் போக மிச்சத்தை அவர் எந்த மாதத்துக்கு எழுதுவார்? மளிகைக்கு என்ன ஆச்சு என்றால் வீட்டில் உடனே சொல்லிவிடுவார்கள். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு செலவையே பிடித்துக்கொண்டு போனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆனால் செலவில் பணக்காரர் பாதிதான் தெரிவார். ஐம்பது மடங்கு சம்பாதிப்பவர் ஐம்பது மடங்கு சாப்பிடுவதில்லை. மிச்சம் ரிங் ரோட்டுப் பக்கம் மனையாகவும் கம்பெனிப் பங்குகளாகவும் போகும், அது இந்தக் கணக்கில் வராது. போதாததற்கு, பெரிய பங்களாவின் கேட்டைத் தாண்டி உள்ளே போய் மணிக்கணக்கில் கேள்வி கேட்க ஆய்வாளரால் முடிவதுமில்லை. பல நாடுகள் வருமானத்தை வைத்துப் போடும் எண்ணோடு நம் செலவு எண்ணை வரிசையில் நிறுத்தி நாலாவது இடம் என்பது தப்பு, அவ்வளவுதான்.

சரி, காலத்தோடு ஒப்பிட்டால்? அடித்தட்டு வீடுகளின் செலவு உயர்ந்தது உண்மைதான். ஆனால் 2022-23இல் கேள்விகளைப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போய்க் கேட்டார்கள், முன்பு ஒரு தடவைதான். முறை மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். இடையில் 2017-18இல் எடுத்த ஆய்வை வெளியிடவே இல்லை. பிக்கெட்டி பக்கமும் ஓட்டை உண்டு: உச்சியில் இருப்பவர்களின் வருமானத்தை அவர்கள் வருமான வரிக் கணக்கை வைத்துத்தான் போடுகிறார்கள். அந்த வரி கட்டுவோர் சிறு கூட்டம், 2000க்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் வரி அட்டவணைகளே வெளிவராமல் இருந்தன. ஆகவே 22.6 என்ற புள்ளியை நான் இறுக்கிப் பிடிக்க மாட்டேன், 80களிலிருந்து ஏறுமுகம் என்பதை நம்புகிறேன்.

இன்னொன்று. 10 ஆயிரம் வாங்கியவர் 20 ஆயிரத்துக்கும், 1 லட்சம் வாங்கியவர் 2 லட்சத்துக்கும் போனால் கினி அசையாது. இடைவெளியோ 90 ஆயிரத்திலிருந்து 1.8 லட்சம். வீட்டு வாடகையிலும் பள்ளிக்கூட ஃபீஸிலும் மக்களை அமுக்குவது இந்த இடைவெளிதான்.

2026இல் நாடு முழுக்க வருமான ஆய்வு நடத்தப்போவதாக அரசு 2025இல் அறிவித்தது. 1960களிலும் 80களிலும் இதே முயற்சியைச் செய்து பார்த்துக் கைவிட்டிருக்கிறார்கள், ஏனென்றால் மக்கள் சொன்ன வருமானம் அவர்களுடைய செலவையும் சேமிப்பையும் கூட்டினால் வருவதைவிடக் குறைவாக இருந்தது. எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள், ஆனால் அதற்கு முன் எத்தனை வீட்டில் பதில் சொல்ல மறுத்தார்கள், அவை எந்த மாதிரி வீடுகள் என்பதை அறிக்கையில் தேடிப் பாருங்கள்.

அன்புடன்