ஹாஃப்கட்டில் ஏமாந்தவர்களும் ஏமாறத் துடிப்பவர்களும்

கே: என் புரோட்டோன் விராவுக்கு 4ஜி93 டர்போ எஞ்சின் போட ஆசை. ஜப்பானில் பாதியாக வெட்டி இறக்கிய ஹாஃப்கட் ஒன்று பார்த்தேன். "60,000 கி.மீ.தான் ஓடியது" என்று மீட்டரைக் காட்டுகிறார்கள். நம்பலாமா? (ஈப்போ)

ப: மீட்டர் நாலு திருகாணியில் கழன்று வரும் சாமான். அதை விடுங்கள். ஸ்டார்ட்டர் அந்தப் பாதி வண்டியிலேயே இருக்கும். ஒரு பேட்டரியை மாட்டி, சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் காம்ப்ரஷன் கேஜை வைத்து நாலு சிலிண்டரையும் உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். எண் பெரிதா என்பதைவிட நாலும் நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

நான் ஒருமுறை நடையைக் கட்டவில்லை. கழுவிப் பளபளவென்று வைத்திருந்த ஒரு நிசான் எஸ்ஆர்20 எஞ்சினை, அந்தப் பளபளப்புக்காகவே வாங்கினேன். வீட்டில் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினால் அடியில் செம்புத் தூள். பேரிங் மேல்பூச்சு முழுக்கத் தேய்ந்திருந்தது. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) மாற்றிய காசுக்கு இன்னோர் எஞ்சினே வாங்கியிருக்கலாம்.

அப்புறம், எஞ்சின் எண் மாறினால் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவை மாற்ற வேண்டும். ரசீது தராத கடையில் வாங்கிவிட்டு அங்கே போய் முழிக்காதீர்கள்.

கே: டர்போவின் மிச்சக் காற்றை வெளியேற்றும் புளோ-ஆஃப் வால்வை மாற்றினால் எத்தனை குதிரைத்திறன் கூடும்? (கிள்ளான்)

ப: சத்தம் கூடும்.

கே: என்னுடையது மிட்சுபிஷி எவோ 6. ஃபோர்ஜ்டு (அடித்து வார்த்தெடுக்காமல் அழுத்தி உருவாக்கிய) பிஸ்டன் போட்டு 4ஜி63 எஞ்சினை ஓவர்ஹால் செய்ய 19,000 ரிங்கிட் கொடுத்தேன். 2,000 கி.மீ.யிலேயே நீலப் புகை, எண்ணெயும் குடிக்கிறது. "ஃபோர்ஜ்டு பிஸ்டன் என்றால் புகையத்தான் செய்யும்" என்கிறார் பட்டறைக்காரர். (சிரம்பான்)

ப: உங்களை ஏமாற்றுகிறார், ஐயா. ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் கூடுதல் இடைவெளி விட்டுப் போடுவார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் தட்டும், சூடேறினால் அடங்கும். அவ்வளவுதான். வண்டி சூடான பிறகும் நீலமாகப் புகைகிறதா? டர்போ சீல், வால்வு சீல் இரண்டையும் பாருங்கள். அவை நன்றாக இருந்தால் மிச்சம் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும்தான்.

இங்கே என் பழைய புலம்பல் ஒன்று. 4ஜி63-இன் சிலிண்டர் துளை 85 மி.மீ. அதில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விடுவது, பிஸ்டனைப் பொறுத்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. கிராங்க் பேரிங்கில் ஏறத்தாழ அதிலும் பாதி. இதைப் போர் கேஜும் மைக்ரோமீட்டரும் வைத்து அளக்க வேண்டும். கையால் அசைத்துப் பார்த்து "ஓகே பாஸ்" என்று சொல்லக்கூடாது. அளந்தவர் எழுதி வைத்திருப்பார், எழுதியவர் கேட்டால் கொடுப்பார். ஆனால் பில்லில் என்ன இருக்கிறது? "எஞ்சின் ஓவர்ஹால்" என்று ஒரே வரி. கோழிக்கடையில்கூட எடை எழுதித் தருகிறார்கள்! பிஸ்டன் பெட்டியோடு வந்த தாளில் எவ்வளவு இடைவெளி என்று கம்பெனியே போட்டிருக்கும். அந்தத் தாள் எங்கே என்று கேளுங்கள், முகம் மாறும்.

எஞ்சினை மறுபடி அவரிடம் திறக்கக் கொடுக்காதீர்கள். வேறொரு மெஷின் ஷாப்பில் திறப்பதாக எழுத்தில் தெரிவித்து, அந்த நாளில் அவரையும் வரச் சொல்லுங்கள். அளவுகளை எழுதி வாங்கி, படம் எடுத்து, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.

கே: நண்பரின் சுபாரு இம்பிரேசா மேப்பை (பெட்ரோல், தீப்பொறி அமைப்புகள்) என் இசியுவில் (எஞ்சினை இயக்கும் கணினி) ஏற்றி, டர்போ தள்ளும் காற்றழுத்தமான பூஸ்டை 1.5 பார் வைத்தேன். ஊற்றுவது ரான் 95 பெட்ரோல். இரண்டே வாரத்தில் ஒரு சிலிண்டர் போய்விட்டது. பிஸ்டன் விற்ற கடையில் நஷ்டஈடு கேட்கலாமா? (ஜொகூர்)

ப: எதற்கு, தம்பி? அடுத்தவன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரில் மோதிவிட்டுக் கண்ணாடிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்களா? ஜப்பானுக்கென்று செய்த அந்த எஞ்சின் அங்குள்ள 100 ஆக்டேன் பெட்ரோலை நம்பி வந்தது. பூஸ்ட் ஏற ஏற, ஆக்டேன் குறைந்த பெட்ரோல் சுடர் வந்து சேரும் முன்பே தானாக வெடித்து, பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பை உடைக்கும். ரான் 97-க்கும் டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் மேடை) நிதானமாகச் செய்யும் டியூனிங்குக்கும் கொடுக்காத காசை இப்போது பிளாக்குக்குக் கொடுங்கள்.

கே: இணையத்தில் பெயர்பெற்ற ஜப்பான் கம்பெனி டர்போ 850 ரிங்கிட், "ஒரிஜினல்" என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? (பினாங்கு)

ப: பெட்டி ஒரிஜினலாக இருக்கலாம். என்னிடமும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. திருகாணி போட்டு வைத்திருக்கிறேன்.