அம்மாவுக்கும் தங்கைக்கும் ஒரே மாத்திரையா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. எக்ஸ்ரே பார்த்துவிட்டு முட்டியில் தேய்மானம் என்றார்கள். 33 வயதுத் தங்கைக்கு நான்கு மாதமாக இரண்டு கை விரல்களும் வீங்கி வலிக்கின்றன. முடக்குவாதம் என்று சொல்லி, வாரம் ஒருமுறை போட மெத்தோட்ரெக்சேட் கொடுத்திருக்கிறார்கள். இரண்டிலும் குருத்தெலும்புதானே போகிறது? அந்த மாத்திரையை அம்மாவுக்கும் கொடுக்கலாமா? தங்கையோ, வலிக்கும்போது மட்டும் வலி மாத்திரை போட்டால் போதும் என்கிறாள்.

பதில்: அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். தங்கையும் நிறுத்தக் கூடாது. குருத்தெலும்பு, அதாவது மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான மெத்தை, போவது இரண்டிலும் உண்மைதான். ஆனால் அது போகும் வழி வேறு.

முட்டிக் குருத்தெலும்பு பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் பெரும்பகுதி தண்ணீர். ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. நடக்கும்போது அழுந்தி, காலைத் தூக்கும்போது விரிந்து, ஸ்பாஞ்சு மாதிரி மூட்டு நீரை உறிஞ்சித்தான் ஊட்டம் பெறுகிறது. ஆகவே "நடந்தால் இன்னும் தேயும்" என்று அம்மாவை உட்கார வைத்துவிடாதீர்கள்.

தேய்மானம் என்றதும் செருப்பு தேய்வதை நினைத்துக்கொள்கிறோம். அது பாதிக் கதைதான். வயது, உடல் எடை, பழைய அடி, பரம்பரை எல்லாம் சேரும்போது குருத்தெலும்புக்குள் இருக்கும் செல்களே நிலை மாறி, தங்களைச் சுற்றியுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை அரிக்கும் நொதிகளைச் சுரக்க ஆரம்பிக்கின்றன. மேற்பரப்பு நார்நாராகப் பிரிந்து வெடிக்கிறது. அடியிலுள்ள எலும்பு தடித்து, ஓரங்களில் முள் போல வளர்கிறது. குருத்தெலும்புக்கு நரம்பில்லையே, பிறகு ஏன் வலி? அந்த எலும்பும் மூட்டின் உறையும்தான் வலிக்கின்றன. எக்ஸ்ரேயிலும் குருத்தெலும்பு தெரிவதில்லை. எலும்புகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி குறைந்திருப்பதை வைத்துத்தான் சொல்கிறோம். படம் மோசமாக இருந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு.

தங்கைக்கு நடப்பது இதுவல்ல. அங்கே தவறு செய்வது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம். அது மூட்டின் உட்பக்கச் சவ்வைத் தாக்க, மெல்லிசாக இருக்க வேண்டிய சவ்வு தடித்து, குருத்தெலும்பின் ஓரத்திலிருந்து ஊடுருவி அரிக்கிறது. கூடவே எலும்பையும் அரிக்கிறது. முதல் சில மாதங்களில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கலாம். அதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. வலி மாத்திரை வலியைக் குறைக்கும், ஆனால் இந்த அரிப்பைத் தடுக்காது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்றவைதான் தடுக்கும், அதுவும் சீக்கிரம் தொடங்கினால். ஒருமுறை அரித்துப்போன குருத்தெலும்பை எந்த மருந்தும் திரும்பக் கொண்டுவராது.

இருவரையும் காலையில் கவனித்துப் பாருங்கள். அம்மாவின் விறைப்பு எழுந்து நடமாடினால் அரை மணிக்குள் விட்டுவிடும். தங்கைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பால் பாக்கெட்டைப் பிரிக்கக்கூட விரல் மடங்காது. கைகுலுக்குவது போல விரல்களின் அடி மூட்டுகளைச் சேர்த்து அழுத்தினால் கையை இழுத்துக்கொள்வார். விரல் நுனி மூட்டுகளில் மட்டும் கெட்டியான முடிச்சு இருந்தால் அது பெரும்பாலும் அம்மாவின் ரகம்.

அம்மாவுக்குத் தேவை தொடைத் தசைக்கான பயிற்சியும், எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. குருத்தெலும்புக்கு நல்லது என்று விற்கப்படும் குளுக்கோசமைனுக்கு டானிக், மாத்திரை என்று செலவழிப்பதில் பெரிய பலன் இல்லை என்பது என் கருத்து.

இருவரில் யாருக்காவது ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கி, சிவந்து, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அது கிருமித் தொற்றாக இருந்தால் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அழிந்துவிடும்.

தங்கையின் மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான். தவறிப்போய் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டையிலேயே எழுதி வையுங்கள். ஃபோலிக் ஆசிட் கொடுத்திருந்தால் விடக் கூடாது. ரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், கர்ப்பத்தில் இந்த மருந்து ஆகாது. அதற்கேற்ற வேறு மருந்துகள் உண்டு.