சில்லுக்குள் வற்றும் நீர்

கேள்வி: இறாலில் வெள்ளைப்புள்ளி வைரஸைக் கண்டறிய, பி.டி.எம்.எஸ். என்னும் சிலிக்கோன் ரப்பரில் வார்த்த சிறு சோதனைச் சில்லில் (சிப்) 65 டிகிரியில் லேம்ப் சோதனை (ஒரே சூட்டில் வைத்து வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் காட்டுவது) செய்கிறோம். 10 மைக்ரோலிட்டர் கலவை 45 நிமிடத்தில் பாதியாகிவிடுகிறது. கலவையை விடும் துளைகளை டேப் போட்டு அடைத்தும் பயனில்லை. எங்கள் கடற்கரைக் காற்றில்தான் இவ்வளவு ஈரம் இருக்கிறதே?
- வாசகர், மண்டபம்

பதில்: அந்த ஈரம் இங்கே கைகொடுக்காது. 65 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் சுமார் 25 கிலோபாஸ்கல். வெளிக்காற்று ஈரத்தால் நிறைந்திருந்தாலும், 30 டிகிரியில் அது 4 சொச்சம்தான். டேப் துளையை மட்டுமே அடைக்கும். பி.டி.எம்.எஸ். நீராவியைத் தன்னூடே கசியவிடும் பொருள். 10 மைக்ரோலிட்டர் 8 ஆனாலே மெக்னீசியமும் உப்பும் கால் பங்கு அடர்ந்துவிடும், மரபணுவைப் பெருக்கும் நொதி திணறும்.

ரப்பரை வார்க்கும்போதே, கலவை நிற்கும் அறைக்கு நேர் மேலே ஒரு கவர்ஸ்லிப் கண்ணாடியை (நுண்ணோக்கியில் பயன்படும் மெல்லிய மூடுகண்ணாடி) புதைத்துவிடுங்கள். முதலில் செய்ய வேண்டியது இதுதான். பக்கவாட்டுக் கசிவுக்கு, அறையைச் சுற்றி 1 மில்லிமீட்டர் தள்ளி வாய்க்கால் வெட்டி நீர் நிரப்புங்கள். ரப்பர் அந்த நீரைக் குடித்துக்கொள்ளும், கலவையை அவ்வளவாகத் தொடாது. துளைகளில் மினரல் ஆயில் விட்டு, அதன்மேல் டேப் ஒட்டுங்கள். சிலிக்கோன் எண்ணெய் வேண்டாம், ரப்பர் வீங்கும்.

இன்னொரு சந்தேகம்: போனது ஆவிதானா? சூட்டில் கரைந்த காற்று குமிழியாகி, கலவையைத் துளைப்பக்கம் தள்ளிவிடுவதும் உண்டு. வாய்க்காலைக் காலியாக வைத்து, சூடாக்குமுன்னும் ஆறிய பின்னும் சில்லை 0.1 மில்லிகிராம் தராசில் நிறுங்கள். 1 மில்லிகிராம் குறைந்தால் 1 மைக்ரோலிட்டர் போயிற்று. எடை குறையாமல் அறை காலியாகத் தெரிந்தால் குமிழிதான். அப்படியானால், நொதி சேர்க்குமுன் பஃபரை (கலவையின் உப்புக் கரைசலை) வெற்றிடத்தில் 10 நிமிடம் வைத்து எடுங்கள்.