உங்கள் மகள் கேத்தரினைத் தெரிந்துகொள்ளட்டும்

கேள்வி: ஓரிகனில் ஹில்ஸ்போரோவில் வசிக்கிறோம். 1840களில் அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போன வண்டிக் கூட்டத்தில் அப்பா, அம்மாவை இழந்த சிறுமியாகத் தன்னை நினைத்துக்கொண்டு நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று, நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அவள் குதிரைச் சவாரி, கரடி வேட்டை என்று எழுதித் தள்ளுகிறாள். உண்மையில் அப்படித்தான் இருந்ததா? சாவு, கொலை எல்லாம் பத்து வயதுக் குழந்தைக்குச் சொல்லலாமா?
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, சொல்லலாம். சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். எப்படிச் சொல்வது என்று நீங்கள் திணறத் தேவையில்லை, ஏனென்றால் அந்த வயதில் அந்தப் பாதையில் போன ஒரு பெண் தானே எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறாள். அவள் பெயர் கேத்தரின் சேகர்.

1844ல் அவளுக்கு ஒன்பது வயது. மிசௌரியிலிருந்து அப்பா ஹென்றி, கர்ப்பிணியான அம்மா நயோமி, ஆறு பிள்ளைகள் எல்லோரும் காளை பூட்டிய கூண்டு வண்டியில் கிளம்பினார்கள். ஏழாவது குழந்தை வழியிலேயே பிறந்தது. குதிரைச் சவாரியெல்லாம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. வண்டி நிறைய சாமான் இருந்ததால் கிட்டத்தட்ட 3,200 கிலோமீட்டரையும் பலர் நடந்தே கடந்தார்கள். விறகு கிடைக்காத சமவெளியில் காட்டெருமையின் காய்ந்த சாணத்தைப் பொறுக்கி எடுத்து வருவது பிள்ளைகளின் வேலை. நம் ஊர் வறட்டி மாதிரிதான், அதை எரித்துத்தான் சமையல். உங்கள் மகள் இதை எழுதட்டும், ஆசிரியைக்கும் பிடிக்கும்.

ஓடும் வண்டியிலிருந்து குதிப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு. லாரமி கோட்டையை நெருங்கும் சமயத்தில் கேத்தரின் அப்படிக் குதித்தபோது கோடாலிக் காம்பில் பாவாடை மாட்டிக்கொண்டது. கீழே விழுந்தாள், காலின் மேல் சக்கரம் ஏறியது. எலும்பு நொறுங்கிவிட்டது. அதற்குப் பிறகு மீதிப் பயணம் முழுக்க வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து அவர் பக்கத்தில் படுத்ததை, இவளைப் பார்த்து "ஐயோ பிள்ளை, உன் கதி என்ன ஆகுமோ" என்கிற மாதிரி அவர் கலங்கியதை எல்லாம் படுத்தபடியே பார்த்தாள். கிரீன் ஆற்றங்கரையில் அவரைப் புதைத்தார்கள். நாலு வாரத்துக்குள் அம்மாவும் போய்விட்டாள். இப்போது ஐடஹோவில் ட்வின் ஃபால்ஸ் என்கிற ஊரின் பக்கம், பாதையோரத்தில் குழி தோண்டி, அடியில் வில்லோக் கிளைகளைப் பரப்பி, அம்மாவை வைத்து, மேலேயும் கிளைகளைப் போட்டு மண் தள்ளினார்கள். அப்புறம் வண்டிகள் நகர்ந்துவிட்டன, நின்று அழ நேரமில்லை, குளிர்காலம் வருவதற்குள் மலையைக் கடந்தாக வேண்டும்.

கைக்குழந்தையைக் கூட்டத்துப் பெண்கள் மாற்றி மாற்றிப் பாலூட்டிக் காப்பாற்றினார்கள். கூட்டத்தின் தலைவர் வில்லியம் ஷாவும் அவர் மனைவி சாலியும் தங்கள் ரொட்டியை இந்தப் பிள்ளைகளோடு பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். யாரோ பெற்ற ஏழு பிள்ளைகள்! இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இப்போது வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் வாலா வாலா ஊரின் பக்கத்தில் வைலாட்பு என்ற இடத்தில் மார்கஸ், நார்சிசா விட்மன் தம்பதியின் கிறிஸ்தவ மிஷன் இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் 1839ல் இரண்டு வயதில் ஆற்றில் மூழ்கி இறந்திருந்தாள். அங்கே கொண்டுபோய் விட்டபோது என்ன நடந்தது தெரியுமா? ஒரு அண்ணன் வண்டியிலேயே உட்கார்ந்து அழுதான், இன்னொருவன் சக்கரத்தின் மேல் கைகளை வைத்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான், சின்னப் பெண்கள் வெறுங்காலோடு ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். உங்கள் மகள் ஒரே ஒரு நாளைத்தான் எழுத முடியும் என்றால் இந்த நாளை எழுதச் சொல்லுங்கள். விட்மன்கள் ஏழு பேரையும் பிரிக்காமல் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள்.

சரி, நீங்கள் பயப்படுகிற பகுதி இனிமேல்தான். 1847ல் தட்டம்மை பரவியது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான, அந்த நோய்க்கு எதிர்ப்பே இல்லாத கேயூஸ் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் செத்தார்கள். மருத்துவரான விட்மன் பார்த்த வெள்ளைக்காரப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், தங்கள் பிள்ளைகளோ சாகிறார்கள். அவர் விஷம் வைக்கிறார் என்ற பேச்சு கிளம்பியது. நிலமெல்லாம் கையைவிட்டுப் போகிறதே என்ற பயம் வேறு. மருந்து கொடுத்து ஆள் செத்தால் வைத்தியரைக் கொல்லலாம் என்பது அவர்களுடைய வழக்கம். நவம்பர் 29 அன்று விட்மன் தம்பதி கொல்லப்பட்டார்கள். கேத்தரினின் இரண்டு அண்ணன்களும் அந்தத் தாக்குதலில் செத்தார்கள். மிச்சமிருந்தவர்களைக் கேயூஸ் ஆட்கள் பணயக் கைதிகளாகப் பிடித்து வைத்திருந்த ஒரு மாதத்தில் தங்கை லூயிஸ் தட்டம்மையில் இறந்தாள். ஹட்சன்ஸ் பே என்ற கம்பளித்தோல் வணிகக் கம்பெனியின் பீட்டர் ஆக்டன் கம்பளி, சட்டை, துப்பாக்கி எல்லாம் கொடுத்து மற்றவர்களை மீட்டார். 1850ல், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓரிகன் சிட்டியில், ஐந்து கேயூஸ் ஆட்களைத் தூக்கிலிட்டார்கள்.

கேயூஸ் தாய்மார்களும் பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை விட்டுவிட்டு இந்தக் கதையை மகளுக்குச் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். பத்து வயதுக் குழந்தைக்கு அது நன்றாகவே புரியும்.

மீட்கப்பட்ட நாலு சகோதரிகளும் வெவ்வேறு குடும்பங்களுக்குப் போனார்கள். அந்தச் சிறுமியின் வாழ்க்கையிலேயே என் மனசை அதிகம் உறுத்துவது இதுதான். அப்பா அம்மா போனபோதுகூட ஏழு பேரும் சேர்ந்து இருந்தார்கள், இப்போது அதுவும் இல்லை. கேத்தரினுக்குப் பதினாறு வயதில் கல்யாணம், எட்டுப் பிள்ளைகள். 1860 வாக்கில் தன் கதையை எழுதினாள், அது விற்கும் பணத்தில் நார்சிசாவின் நினைவாக அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் கட்டலாம் என்று ஆசைப்பட்டாள். அச்சிட யாரும் முன்வரவில்லை. 1910ல் இறந்தாள், அவள் எழுதியதைப் பிள்ளைகள் பத்திரப்படுத்தினார்கள்.

முடிந்தால் ஒரு வார இறுதியில் மகளைக் கூட்டிக்கொண்டு வைலாட்பு போய் வாருங்கள், காரில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். வழியில் பென்டில்டன் அருகே கேயூஸ் மக்களும் அவர்களோடு சேர்ந்த குடிகளும் நடத்தும் அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே இறங்குங்கள்.