அயோத்திதாசப் பண்டிதர் அறிஞரா, இதழாளரா, சமூக நீதிப் போராளியா?

அயோத்திதாசப் பண்டிதரைச் சிலர் தமிழறிஞர் என்றும், சிலர் இதழாளர் என்றும், மேடைகளில் சமூக நீதிப் போராளி என்றும் சொல்கிறார்களே, இவற்றுள் எது அவருடைய முதன்மையான பணி, அவரை எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையிலும், அவருடைய எழுத்துகளைப் பல ஆண்டுகளாக விடாமல் வாசித்து வருபவன் என்ற முறையிலும் என் கருத்தைச் சொல்கிறேன். அவரை முதலில் இதழாளராகவே பார்க்க வேண்டும். அவருடைய ஆராய்ச்சியும் போராட்டமும் அவர் நடத்திய 'தமிழன்' வார இதழுக்கு வெளியே நடந்த தனித்தனி வேலைகள் அல்ல. வாரந்தோறும் அச்சேறிய நான்கு பக்கங்களுக்குள்தான் அவை தம் முழு உருவத்தை அடைந்தன.

வாழ்க்கைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1845 மே 20 அன்று பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியர் அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயரையே பின்னர் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். இளமையின் பெரும்பகுதி நீலகிரியில் கழிந்தது. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக வேலை பார்த்தவர். வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கந்தப்பன் ஹாரிங்டனிடம் கொடுத்ததையும், அது தமிழ் கற்ற ஆங்கிலேய அதிகாரியான எல்லிஸ் துரையின் கைக்குப் போய்ச் சேர்ந்ததையும் அயோத்திதாசரே எழுதி வைத்திருக்கிறார். சமையற்கட்டில் வேலை செய்த ஒருவருடைய வீட்டில் குறளும் நாலடியும் ஏட்டுச் சுவடிகளாகப் பேணப்பட்டிருந்தன என்பது, தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கல்வி மரபே கிடையாது என்று அன்று பேசியவர்களுக்கு எதிராக அவர் கையில் இருந்த முதல் சான்று. அது அவருடைய குடும்பச் சொத்தாகவும் இருந்தது.

அவருடைய பொது வாழ்க்கை இதழோடு தொடங்கவில்லை என்பது உண்மைதான். 1885இல் ஜான் ரத்தினம் என்ற பாதிரியாரோடு சேர்ந்து 'திராவிட பாண்டியன்' இதழில் பணியாற்றியிருந்தாலும், அந்தக் காலத்தில் அவர் பெரிதும் நம்பியது மாநாட்டையும் கோரிக்கை மனுவையும்தான். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று உதகமண்டலத்தில் மாநாடு கூட்டினார். அங்கே நிறைவேறிய பத்துத் தீர்மானங்களையும் இன்று படித்தாலும் அவற்றின் நுட்பம் வியப்பைத் தருகிறது. சாதிப் பெயரை வசைச் சொல்லாகப் பயன்படுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பது ஒன்று. சிறையில் குப்பை வாரும் வேலையைக் குறிப்பிட்ட சாதிக் கைதிகளுக்கே ஒதுக்கும் விதியை நீக்க வேண்டும் என்பது இன்னொன்று. பொதுக் கிணறு, பொதுக் குளம், பள்ளிக்கூடம், உதவித்தொகை, அரசு வேலை, நீதிமன்றத்திலும் அலுவலகங்களிலும் தடையின்றிச் சென்று அமரும் உரிமை, உள்ளாட்சி அமைப்புகளில் இடம் என்று அவை நீள்கின்றன. சமத்துவம் என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நிற்காமல், அது மறுக்கப்படும் இடங்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக் கேட்டிருக்கிறார். சிறை விதிப் புத்தகம் வரைக்கும் தேடிப்போய் அநீதியைக் கண்டெடுத்த அந்தக் கவனம்தான் பிற்காலத்தில் இதழாசிரியரிடமும் தெரிகிறது.

அந்தக் கோரிக்கைகளுக்குக் கிடைத்த வரவேற்பை 1892ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. சென்னை விக்டோரியா மண்டபத்தில், சென்னை மகாஜன சபை என்ற வேறோர் அரசியல் அமைப்பின் கூட்டம் நடந்தது. நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்ற அயோத்திதாசர், எல்லோருக்கும் பொதுவான தெய்வங்கள் என்று சொல்லப்படும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் உரிய கோயில்களில் எங்கள் மக்களை மட்டும் ஏன் அனுமதிப்பதில்லை என்று கேட்டார். அவையில் எதிர்ப்புக் கிளம்பியது. தஞ்சையிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி எழுந்து, உங்கள் குலத்தாருக்கென்று மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்ல என்ற பொருளில் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று அயோத்திதாசர் அந்தக் கோரிக்கையை அங்கேயே கைவிட்டார். ஆனால் உட்கார்ந்துவிடவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், கிராமங்களில் வெறுமனே கிடக்கும் தரிசு நிலங்களும் கிடைக்கச் செய்யுங்கள் என்று அடுத்த கோரிக்கைக்குப் போனார். இந்த நிகழ்ச்சியைப் பின்னாளில் அவரே தம் இதழில் விவரித்திருக்கிறார். அவமானத்தைச் சந்தித்த அதே நிமிடத்தில் பள்ளியையும் நிலத்தையும் கேட்கத் தோன்றியதே, அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். உணர்ச்சிவயப்பட்டு அவையை விட்டு வெளியேறியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

கோயில் வாசலில் நின்று கேட்பதில் பயனில்லை என்று தெரிந்த பிறகு, தம் மக்களுக்கு உரிய பழைய சமயம் எது என்ற தேடல் அவரிடம் தீவிரமானது. அடையாற்றில் பிரம்மஞான சபையை (தியோசாபிகல் சொசைட்டி) நடத்திவந்த கர்னல் ஆல்காட், 1894 முதல் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்கு இலவசப் பள்ளிகளைத் திறந்து கொண்டிருந்தார். அவருடைய துணையோடு 1898இல் அயோத்திதாசரும் கிருஷ்ணசாமி என்ற ஆசிரியரும் இலங்கைக்குச் சென்று, பௌத்தத் துறவி சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் என்னும் ஐந்து ஒழுக்க உறுதிமொழிகளைப் பெற்றுப் பௌத்தர்களாகத் திரும்பினார்கள். இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956இல் என்பதை நினைத்துப் பார்த்தால், 58 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் இப்படியொரு முயற்சி நடந்திருக்கிறது என்பதன் கனம் விளங்கும்.

இத்தனைக்கும் பிறகு, தம் 62ஆம் வயதில்தான் அவர் இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19, புதன்கிழமை அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. நான்கு பக்கம், விலை காலணா, அதாவது அந்நாளைய ஒரு பைசா. ஓராண்டு கழிந்தபின், வாசகர்களின் விருப்பப்படி 1908 ஆகஸ்ட் 26 முதல் 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. 1914 மே 5 அன்று அவர் மறையும் வரை வாராவாரம் வந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய ஏழாண்டுகள். அந்த வயதில், சித்த வைத்தியம் பார்த்துக்கொண்டே, அரசியல், சமயம், வரலாறு, இலக்கியம், மருத்துவம், வாசகர் கேள்விகளுக்கான விடை என்று ஒவ்வொரு வாரமும் பெரும்பகுதியைத் தாமே எழுதியிருக்கிறார். அவருடைய மருத்துவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இளமையில் உடல் முடங்கிக் கிடந்த திரு.வி.க.வைக் குணப்படுத்தியவர் இவரே என்பதைத் திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார்.

'தமிழன்' யாருக்காக எழுதப்பட்டது என்பதைக் கவனித்தால்தான் அதன் நடையும் போக்கும் பிடிபடும். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள், பெங்களூர், செகந்திராபாத் பகுதிகளில் வேலை பார்த்தவர்கள், இரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைப்புத் தேடிப் போனவர்கள் ஆகியோரே அதன் வாசகர்கள். சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகளும் இந்த ஊர்களில்தான் வேர்விட்டன. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது அந்தக் காலத்து வழக்கம். ஆகவே அவருடைய வாக்கியங்கள் நெடியவையாக இருந்தாலும், கேட்பவர் காதில் விழுவதற்கென்று எழுதியவை போலவே எனக்குத் தோன்றுகின்றன. எதிராளியின் கூற்றை முதலில் சொல்லி, அதை மறுத்து, பின் தம் கருத்தை நிறுவும் உரையாசிரியர் முறையை அவர் செய்தித்தாளுக்குக் கொண்டுவந்தார்.

அவருடைய ஆராய்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தீபாவளி நரகாசுரனைக் கொன்ற நாள் என்று ஊரெல்லாம் நம்பியபோது, அவர் வேறொரு விளக்கம் சொன்னார். பண்டைய பௌத்த மடங்களில் இருந்த துறவிகள் எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, அது உடம்புக்கு நல்லது என்று சோதித்துத் தெளிந்தார்கள் என்றும், மக்கள் அதைத் தலையில் தேய்த்து நீராடத் தொடங்கிய நாளே தீபாவளி என்றும் எழுதினார். கார்த்திகை தீபத்துக்கும் இதே முறையில், ஆமணக்கு நெய்யை விளக்கெரிக்கப் பயன்படுத்திய கதையைச் சொன்னார். இதை வரலாற்று உண்மையாக நிறுவ முடியுமா என்றால், முடியாது என்றே நான் நினைக்கிறேன். அவர் காட்டும் மேற்கோள்களில் சில இன்று நமக்குக் கிடைக்கும் சுவடிகளில் இல்லை. ஆனால் அந்த விளக்கத்தால் வாசகருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். அசுரனைக் கொன்ற கதையில் தம்மை அசுரன் பக்கத்தில் காண வேண்டியிருந்த ஒரு தொழிலாளி, இந்தக் கதையில் எண்ணெயையும் மருந்தையும் கண்டுபிடித்த முன்னோரின் பிள்ளையாகிறார். பண்டிகையை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. அது உன்னுடையது என்று சொன்னார். மணிமேகலையும் சீவக சிந்தாமணியும் சூளாமணியும், பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகளும் இந்த வாதங்களுக்கெல்லாம் சான்றாக வரிசையில் வந்து நிற்கும். 'இந்திர தேச சரித்திரம்' என்ற அவருடைய நீண்ட வரலாற்று நூலும், புத்தர் வரலாறான 'ஆதிவேதம்' என்பதும், திருக்குறளுக்குப் பௌத்த நோக்கில் எழுதிய உரையும் இதழில் தொடராக வெளிவந்தவையே. குறளுரை 55 அதிகாரங்களோடு நின்றுபோனது, அவர் மறைந்துவிட்டதால்.

'தமிழன்' தொடங்கிய காலத்தில், அதே சென்னையில் பாரதியார் 'இந்தியா' வார இதழை நடத்திக்கொண்டிருந்தார். சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த காலம். அப்போது அயோத்திதாசர் தம் இதழில் எழுப்பிய கேள்வி நேரானது: வெள்ளையரிடம் சம உரிமை கேட்கும் நீங்கள், உங்கள் ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் மொள்ளும் உரிமையை உங்கள் நாட்டார் சிலருக்கே மறுப்பது ஏன்? இந்தக் கேள்வி அன்றைய தேசிய இயக்கத்தாருக்கு உவப்பாக இருக்கவில்லை. அவரை ஆங்கிலேய ஆதரவாளர் என்று ஒதுக்கிவிட இது போதுமான காரணமாயிற்று. ஆங்கில ஆட்சியின் மீது அவர் வைத்த நம்பிக்கை அளவுக்கு மீறியது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிறை விதியைத் திருத்தவும், பள்ளி திறக்கவும், நிலம் ஒதுக்கவும் அந்த நாளில் அதிகாரம் பெற்றிருந்தது அந்த ஆட்சி ஒன்றுதான் என்பதையும் சேர்த்தே அவரை எடைபோட வேண்டும்.

இன்னொரு குறையை மறைப்பது நேர்மையாகாது. தம் மக்கள் பழைய பௌத்தர்கள், சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள் என்று நிறுவ முயன்றபோது, தோட்டி வேலை செய்தவர்கள், அருந்ததியர், குறவர் போன்றோரை அவர் இயல்பிலேயே வேறானவர்கள் என்பதுபோல எழுதிய இடங்கள் உண்டு. எல்லோரையும் 'பஞ்சமர்' (நால்வருணத்துக்கு வெளியே உள்ள ஐந்தாம் பிரிவினர்) என்று ஒரே பெயரில் அடக்குவதை எதிர்த்தபோது இந்தக் கருத்து வெளிப்பட்டது. சாதியின் வேரையே கெல்ல முயன்றவரிடம் இது இருப்பது வருத்தம் தருகிறது. அவரைக் கொண்டாடுவோர் இந்தப் பக்கங்களைத் தாண்டிச் சென்றுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன், இழிவாகக் கருதப்பட்ட பெயரையே தலைநிமிர்ந்து சூடிக்கொள்ள வேண்டும் என்று 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசருக்கு அந்தப் பெயரே ஏற்கத்தக்கதாக இல்லை. ஒரே குடும்பத்துக்குள் நடந்த இந்தக் கருத்து மோதல், தலித் அரசியலில் இன்றைக்கும் தீராமல் தொடரும் ஒன்று என்பதால், இருவரையும் சேர்த்து வாசிப்பது நல்லது.

அவர் மறைந்தபின் மகன் பட்டாபிராமன் சில காலம் இதழை நடத்தினார். 1926இல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் அதை மீண்டும் கொண்டுவந்தார். பிறகு நீண்ட மறதி. பழைய இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றோர் கட்டிக் காத்து வைத்திருந்ததால்தான், ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட முடிந்தது. அதன்பின்தான் ஆய்வு நூல்களும், 2005இல் அஞ்சல் தலையும், தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயரும், கிண்டியில் மணிமண்டபமும் வந்தன.

எங்கிருந்து தொடங்குவது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பலரும் 'இந்திர தேச சரித்திர'த்தை முதலில் எடுத்து, அதன் சொல்லாராய்ச்சியிலும் புராணப் பெயர்களிலும் சிக்கி, சில பக்கங்களிலேயே மூடிவைத்துவிடுகிறார்கள். அதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். அலாய்சியஸ் தொகுப்பின் அரசியல் கட்டுரைகளை முதலில் படியுங்கள். அவற்றில் தேதிகள் இருக்கின்றன. அந்தந்த வாரத்தில் நாட்டில் என்ன நடந்தது என்பதை ஒரு வரலாற்று நூலை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுத்து 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்களைப் பௌத்தர் என்று பதிவு செய்யுங்கள் என்று அவர் மக்களை வற்புறுத்தி எழுதியவற்றைப் படியுங்கள். பிறகு வாசகர் கேள்விகளுக்கு அவர் தந்த விடைகள். பண்டிகைகள் பற்றிய கட்டுரைகளும் குறளுரையும் அதற்கடுத்து வரட்டும். இந்த வரிசையில் வந்தால், 'இந்திர தேச சரித்திர'த்தைத் திறக்கும்போது அது யாருக்கு மறுமொழியாக எழுதப்பட்டது என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.